வரைமேசை: மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), அனிமே (ஜப்பானிய அசைபடம்) வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வரைகிற பாத்திரங்கள் எல்லாம் ஒரே முகமாக இருக்கின்றன. தலைமயிரை மாற்றினால்தான் ஆளை அடையாளம் தெரிகிறது. பக்கவாட்டில் சற்றுத் திரும்பிய முகத்தை வரைந்தால் தூரத்துக் கண் வழுக்கிக்கொண்டு மேலே போகிறது. எங்கே பிழை விடுகிறேன்?
– சாதாரண தர மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நீங்கள் கண்ணை முதலில் வரைகிறீர்கள். கண் அழகாக அமைந்துவிட்டால் அதை அழிக்க மனம் வராது. பிறகு மண்டையை அந்தக் கண்ணுக்கு ஏற்றபடி வளைக்க வேண்டியதாகிறது.

முதலில் ஒரு வட்டம், அதன் கீழே தாடை. உச்சியிலிருந்து நாடி வரையுள்ள உயரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள். நிஜத்தில் வளர்ந்த மனிதரின் கண் அந்தக் கோட்டில் இருக்கும். மங்காவில் சிறு பிள்ளைகளுக்குக் கண்கோடு பாதிக்குக் கீழே இறங்கும், வயது கூடக்கூட மேலே ஏறும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஐம்பது வயது மாமாவுக்கும் ஒரே உயரத்தில் கண் வைத்தால், மீசை போட்டாலும் மாமா பிள்ளையாகத்தான் தெரிவார்.

திரும்பிய முகத்தில் நடுக்கோடு நேராகப் போகாது. பந்தின் மேல் ஒட்டிய நூல்போல வளையும். கண்கோடும் அப்படியே. இவை இரண்டையும் மெல்லிய பென்சிலில் போட்ட பிறகே கண்ணுக்கு வாருங்கள். தூரத்துக் கண்ணின் அகலம் கிட்டக் கண்ணின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். உயரத்தைக் குறைக்காதீர்கள். மேல் இமைக்கோடு தடிப்பாகவும் கீழ் இமைக்கோடு மெல்லியதாகவும் இருக்கட்டும். இரண்டும் ஓரங்களில் சேர்ந்து மூடிக்கொண்டால் கண் ஒட்டுப்படம் போல ஆகிவிடும். வெளிச்சப் புள்ளியை இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இடமும் மற்றதில் வலமுமாக வைத்தால் பார்வை எங்கோ அலையும்.

கண் வழுக்குவதற்குக் கையும் காரணம். மணிக்கட்டு தனக்கு வசதியான வளைவிலேயே ஓடும், அந்தச் சரிவு நம் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். தாளை மறுபக்கம் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கோணல் பளிச்சென்று தெரியும். பின்பக்கத்திலேயே சரியான இடத்தைப் பென்சிலால் குறித்து, முன்பக்கத்தில் அதன்படி திருத்துங்கள்.

ஒரே முகம் என்ற சிக்கலுக்கு ஒரு பயிற்சி: கதையில் வரும் ஐந்து பேரையும் மொட்டைத் தலையாக வரையுங்கள். யார் யார் என்று பக்கத்தில் இருப்பவரால் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் தாடையின் அகலம், கண்களுக்கு இடையேயுள்ள தூரம், புருவத்தின் தடிப்பு, மூக்கின் நீளம் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டையாவது மாற்றுங்கள். ஜப்பானிய மங்காக் கலைஞர் ஒசாமு டெசூகா தன் பாத்திரங்களை நடிகர்கள்போல நடத்தினார். ஒரே முகம் பல கதைகளில் வெவ்வேறு வேடத்தில் வரும். எந்த உடையிலும் அடையாளம் தெரிகிற முகமாக இருந்தபடியால்தான் அது எடுபட்டது.

கேள்வி: வீடு கடற்கரைக்குக் கிட்ட. வெளிநாட்டிலிருந்து வந்த ஜி முனையில் (மை தொட்டு வரையும் உலோகப் பேனை முனை) இந்தியன் மை தொட்டு வரைகிறேன். புது முனையில் மை உருண்டு சொட்டாக விழுகிறது. தாளில் கோடு மயிர்மயிராகப் பிரிகிறது. இரண்டு கிழமையில் முனை துருப்பிடித்துவிட்டது. ஜப்பானில் வரைபவர்களுக்கு இப்படி ஆவதில்லையா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அவர்களுக்கும் ஆகும். காரணம் மூன்று, மூன்றும் வேறு வேறு.

மை உருள்வது எண்ணெயால். துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் புது முனைக்கு எண்ணெய் பூசுவார்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் இரண்டு பக்கமும் துடைத்தால் போய்விடும். சிலர் நெருப்பில் காட்டுவார்கள். அப்படியென்றால் ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் உருக்கு தன் விறைப்பை இழந்து, அழுத்தியதும் விரிந்த இரண்டு பிளவும் மறுபடி சேராது.

கோடு பிரிவது தாளால். போட்டோகொப்பித் தாள் 70 அல்லது 80 கிராம் எடை, நார் இளக்கம். மை அந்த நார்வழியே ஓடும். 120 முதல் 160 கிராம் வரையான, மேற்பரப்பு வழுவழுப்பான தாளைக் கேளுங்கள். புறக்கோட்டைக் காகிதக் கடைகளுக்குப் போகும்போது முனையையும் மையையும் கொண்டுபோய், மாதிரித் துண்டில் பத்துக் கோடு கீறிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. எடையை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறலாம், கனமான தாளிலும் சொரசொரப்பானது உண்டு. அதில் ஜி முனை நாரைக் கிளறிக்கொண்டு போய் அடைத்துக்கொள்ளும்.

நல்ல தாளும் கொழும்புக் காற்றில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் மேசையில் திறந்து கிடந்த தாள் ஒரு கிழமையில் வேறு தாளாகிவிடும். இரண்டு பக்கமும் மட்டை வைத்துப் பொலித்தீன் உறையில் மூடி வையுங்கள். வரையும்போது உள்ளங்கையின் கீழே எப்போதும் ஒரு வெற்றுத்தாள் இருக்கட்டும். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் மை பிடிக்காது.

துருவுக்கு மருந்து, வேலை முடிந்தவுடன் தண்ணீரில் அலசி, துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு சிறு டப்பாவில் மூடுவது. பேனைத்தண்டில் செருகியபடி விட்டால் வேர்ப்பகுதியில் நீர் தங்கி அங்கிருந்தே துரு ஏறும்.

வேலை வரிசையையும் சொல்லிவிடுகிறோம், இதில்தான் பலர் பக்கத்தைப் பாழாக்குகிறார்கள். பென்சில், பிறகு மைக்கோடு. ஒரு மணித்தியாலமாவது காய்ந்த பிறகு அழிறப்பர். அதன் பிறகே கருமை நிரப்புதல். கருமையை முதலில் நிரப்பினால் அழிறப்பர் அதைச் சாம்பலாக்கிவிடும். வெள்ளை மை எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஆளின் வெளிக்கோட்டுக்கு ஜி, மயிருக்கும் பின்னணிக்கும் மெல்லிய மாரு முனை, ஒரே தடிப்பில் கோடு வேண்டுமென்றால் கபுரா. முனை கிடைக்காதவர்கள் 0.05, 0.3, 0.8 மில்லிமீற்றர் பிக்மென்ட் பேனைகள் மூன்றோடு தொடங்கலாம்: பின்னணி, ஆள், சட்டக்கோடு (ஒவ்வொரு படக் கட்டத்தையும் சுற்றியுள்ள கோடு).

கேள்வி: ஷோனென், ஷோஜோ என்பவை வரையும் பாணிகளா? பெரிய கண் ஏன் வந்தது?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: பாணிகள் அல்ல, சஞ்சிகை யாருக்காக வருகிறது என்பதன் பெயர்கள். ஷோனென் பையன்களுக்கு, ஷோஜோ சிறுமியருக்கு, செய்னென் வளர்ந்த ஆண்களுக்கு, ஜோசெய் வளர்ந்த பெண்களுக்கு. எந்தச் சஞ்சிகையில் வந்ததோ அதுவே வகை. ஆகவே மென்மையான கோட்டில் வரைந்த ஷோனெனும் உண்டு.

டெசூகா வளர்ந்தது தக்கராசுக்கா நகரில். பெண்களே எல்லா வேடமும் போடும் நாடகக் குழு அங்கே இருக்கிறது. அந்த மேடையின் கண் ஒப்பனையும், டிஸ்னி படங்களும் அவர் கோட்டில் கலந்தன. அவருக்கு முன்பே ஜுன்இச்சி நகஹாரா சஞ்சிகைகளில் வரைந்த சிறுமியரின் கண்கள் பெரியவை. 1970களில் ஷோஜோ பெண் கலைஞர்கள் அந்தக் கண்ணை மனம் பேசும் இடமாக மாற்றினார்கள். மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகேமியா ஆகியோரின் பக்கங்களைப் பாருங்கள், ஒரு கண் ஒரு முழுச் சட்டத்தையே பிடித்துக்கொள்ளும். மறுபக்கம், யோஷிஹிரோ தட்சுமி 1957இல் ‘கெகிகா’ என்று பெயர் சூட்டிய வளர்ந்தோர் கதைகளில் கண் சிறியது, நிழல் கனமானது. பெரிய கண் இல்லாமலும் மங்கா உண்டு.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து தமிழில் ஒரு மங்கா செய்கிறோம். வலமிருந்து இடமாகப் போட்டால்தான் மங்கா என்கிறான் ஒருவன். வசனம் பேச்சுக் கூட்டுக்குள் (ஆள் பேசுவதை எழுதும் முட்டை வடிவக் கட்டம்) அடங்குவதில்லை. கணினியில் எழுத்துப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறுகிறது.
– மருதானை

பதில்: வந்த கடிதங்களில் மிகவும் முக்கியமானது இது. சற்று விரிவாகவே பார்ப்போம்.

திசையை முதலில் முடிவு செய்யுங்கள். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடி, அடுத்த வரி இடப்பக்கம் வரும். ஆகவே பக்கமும் வலமிருந்து இடம் போவது அவர்களுக்கு இயல்பு. மொழிபெயர்ப்புகளில் அந்தத் திசையை விட்டுவைப்பதற்குக் காரணம் வேறு: படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பினால் வலக்கை வாள் இடக்கைக்குப் போகும். கிமோனோவில் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும், திருப்பினால் வலப்பக்கம் மேலே வந்து பிணத்துக்கு உடுத்தியது போலாகிவிடும். புதிதாகத் தமிழில் வரைகிற உங்களுக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. வலமிருந்து இடம் போட்டால், கூட்டுக்குள் கண் இடமிருந்து வலம் ஓடும், அடுத்த கூட்டுக்கு வலமிருந்து இடம் தாவும். வாசகர் ஒவ்வொரு சட்டத்திலும் இருமுறை திரும்ப வேண்டும். இடமிருந்து வலமாகவே போடுங்கள். மங்காத்தன்மை சட்டங்களின் ஓட்டத்தில் இருக்கிறது, திசையில் இல்லை.

அந்த ஓட்டத்துக்கு ஒரு சின்ன அளவு பெரிய உதவி செய்யும். ஒரே வரிசையிலுள்ள சட்டங்களுக்கு நடுவே 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே 7 விடுங்கள். கண் ஒடுக்கமான இடைவெளியைத் தாண்டி அடுத்த சட்டத்துக்குப் போகும், அகலமானதில் நின்று கீழே இறங்கும். இரண்டையும் ஒரே அளவாக விட்டால் வாசகர் பக்கவாட்டில் போவதா, கீழே போவதா என்று தடுமாறுவார்.

வசனத்துக்கு வருவோம். ஜப்பானியக் கூடு நின்ற முட்டைபோல் நெடுப்பாக இருப்பது எழுத்து நெடுக்கில் ஓடுவதால். அந்த வடிவத்தை அப்படியே எடுத்துத் தமிழை உள்ளே தள்ளினால் ஒரு வரிக்கு ஒரு சொல்தான் நிற்கும். உங்கள் கூடு படுத்த முட்டையாக இருக்க வேண்டும். அதன் அகலத்தைத் தீர்மானிப்பது வசனத்தின் மிக நீளமான சொல். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதினால் சட்டத்தில் பாதி போய்விடும். ‘போறன்’ என்றால் கூடு மூன்றில் ஒன்றாகச் சுருங்கும், ஆளும் உயிரோடு பேசுவார். பேச்சுத் தமிழ் இங்கே அழகுக்காக மட்டுமல்ல, இடத்துக்காகவும் வேண்டும். நீளச் சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால் பொருத்தில் உடையுங்கள்: ‘போய்க்’ மேல்வரியில், ‘கொண்டிருக்கிறேன்’ கீழ்வரியில். ஒரு கூட்டுக்கு நான்கு வரி, பன்னிரண்டு சொல் என்பது நல்ல எல்லை. மிஞ்சினால் இரண்டு கூடாகப் பிரித்து வாலால் இணையுங்கள்.

ஆகவே வேலையின் ஒழுங்கு: முதலில் வசனத்தை எழுதி, சட்டத்தில் அது பிடிக்கும் இடத்தைப் பென்சிலால் ஒதுக்கி, அதன் பிறகே ஆட்களை வரைவது. படத்தை முடித்துவிட்டுக் கூட்டுக்கு இடம் தேடினால் யாருடைய தலையாவது மறையும்.

எழுத்தின் அளவு: ஏ4 தாளில் வரைந்து 71 சதவீதமாகச் சுருக்கினால் ஏ5 புத்தகம் வரும். அச்சில் 10 புள்ளி எழுத்து வேண்டுமென்றால் மூலத்தில் 14 புள்ளியில் போடுங்கள். வரி இடைவெளியை ஆங்கில எழுத்துக்கு விடுவதைவிடக் கூட்டுங்கள். மேல்வரியின் ‘மூ’வின் சுழியும் கீழ்வரியின் ‘கீ’யின் வளைவும் முட்டிக்கொள்ளும். மெல்லிய எழுத்துருவைத் தவிருங்கள். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. ‘பாட்டி’ என்று எழுதியது ‘பாடடி’ என்று வந்தால் பாட்டுக் கேட்பதுபோல் ஆகிவிடும்.

கொம்பு சிதறுவது உங்கள் பிழை அல்ல. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது மென்பொருளின் வேலை. சில வரைமென்பொருள்களுக்கு அது தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பு, எழுத்து, கால் மூன்றும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சாவதால் அங்கும் ஒழுங்காக நிற்கும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் குப்பையாகும். நம்பகமான வழி, யூனிகோடைச் சரியாகக் காட்டும் மென்பொருளில் வசனத்தை அமைத்து, ஒளி ஊடுருவும் பின்னணியுடன் படமாகச் சேமித்து, வரைமென்பொருளில் தனி அடுக்காக ஒட்டுவது. மூல வசனக் கோப்பை அழித்துவிடாதீர்கள், எழுத்துப்பிழை திருத்த அது வேண்டும்.

கேள்வி: ஜப்பானியச் சத்தச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதலாமா? ‘டொகாஆன்’ என்று?
– ஆசிரியர், தெமட்டகொட

பதில்: எழுதலாம், ஆனால் தேவையே இல்லை. ஜப்பானியத்தில் ஓசையைச் சொல்லும் சொற்கள் ஒருவகை, ஓசையே இல்லாத நிலையைச் சொல்லும் சொற்கள் இன்னொருவகை. நிசப்தத்துக்குக்கூட ‘ஷீன்’ என்று எழுதுவார்கள். தமிழில் இரண்டும் உண்டு, இரட்டைக்கிளவி என்று பள்ளியிலேயே படிப்பிக்கிறோம். சலசல, மடமட, நறநற ஆகியவை இசை. திருதிரு, குறுகுறு, வெடவெட ஆகியவை குறிப்பு. பளபள, மினுமினு ஆகியவை பண்பு. பிடிபட்டவன் தலைக்குமேல் ‘திருதிரு’ என்று சிறிய, நடுங்கும் எழுத்தில் போட்டால் முகத்தில் வேறொன்றும் வரைய வேண்டியதில்லை.

ஒரு கட்டுப்பாடு உண்டு. இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். ஆகவே ‘நற’ ஒரு சட்டத்திலும் மற்ற ‘நற’ அடுத்த சட்டத்திலுமாகப் பிரிக்க வேண்டாம். எழுத்து, ஓசை போகும் திசையில் சாயட்டும்: மழை ‘சோ’வென்று மேலிருந்து கீழே, பஸ் ‘விர்’ரென்று பக்கவாட்டில், தூரம் போகப்போகச் சிறுத்து.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் நம் ஆட்களின் தோல் நிறத்தை எப்படிக் காட்டுவது?
– வாசகி, மட்டக்குளி

பதில்: இரண்டு வழி. ஒன்று, தாளின் வெள்ளையை எல்லோருக்குமே விட்டுவிட்டு, முக அமைப்பாலும் மயிராலும் உடையாலும் ஆளைச் சொல்வது. மற்றது, அங்குலத்துக்கு 60 வரி, 10 முதல் 20 சதவீதக் கருமை கொண்ட ஸ்கிரீன்டோனை (சிறு புள்ளிகள் அச்சடித்த ஒட்டுத்தாள், சுருக்கமாக டோன்) தோலுக்கு இடுவது. டோன் இட்டால் முகக் கோடுகளைச் சற்றுத் தடிப்பாக்குங்கள், கண்ணின் வெள்ளையை வெட்டி எடுங்கள், மூக்குத்தண்டிலும் கன்ன எலும்பிலும் கத்தி நுனியால் சுரண்டி வெளிச்சம் கொடுங்கள். இல்லாவிட்டால் கண்ணீரும் வெட்கக் கோடும் புள்ளிகளுக்குள் மூழ்கிவிடும். எந்த வழியானாலும் கதை முழுக்க ஒரே விதி இருக்கட்டும். வில்லனுக்கு மட்டும் டோன் இட்டுவிட்டு மற்றவர்களை வெள்ளையாக விடுவதை நாம் மனதார எதிர்க்கிறோம். அது வாசகப் பிள்ளைகளுக்குத் தவறான பாடத்தைச் சொல்லும்.

கேள்வி: கணினியில் டோன் போட்ட பக்கம் திரையில் நன்றாக இருக்கிறது. அச்சடித்தால் முகத்தில் அலை அலையாகக் கட்டம் விழுகிறது.
– கொள்ளுப்பிட்டி

பதில்: புள்ளிகளின் வலையும் அச்சு இயந்திரத்தின் வலையும் ஒன்றோடொன்று மோதும்போது அந்த அலைக்கோலம் வரும். பெரும்பாலும் டோன் இட்ட பிறகு படத்தைச் சுருக்கியதால்தான். அச்சடிக்கும் அளவிலேயே, அங்குலத்துக்கு 600 புள்ளியில், சாம்பல் கலக்காத தூய கறுப்பு வெள்ளையாகக் கோப்பை முடியுங்கள். அச்சுக்கடையில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தெரிவை நிறுத்தி, 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். 97 சதவீதமாகச் சுருங்கினாலும் அலை வரும். ஒரே இடத்தில் இரண்டு டோனை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதானால் வரி எண்ணும் கோணமும் ஒன்றாக இருக்கட்டும்.

தாளில் ஒட்டிய டோனைப் போட்டோகொப்பியில் 71 சதவீதமாகச் சுருக்கினால் 60 வரி கிட்டத்தட்ட 85 வரியாக நெருங்கும். அப்போது வெளிறிய டோன் ஆங்காங்கே உதிரும், 40 சதவீதத்துக்கு மேற்பட்டது கறுப்பாக அடைத்துக்கொள்ளும். நடுத்தர டோன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொலைபேசித் திரைக்கென்று தனிப் பிரதி செய்வதானால் புள்ளி வேண்டாம், வெறும் சாம்பல் நிறமே போதும்.

கேள்வி: பத்து விநாடி அனிமே செய்ய எத்தனை படம் வரைய வேண்டும்? வாய் அசைவு ஏன் வசனத்தோடு ஒட்டுவதில்லை?
– தெஹிவளை

பதில்: விநாடிக்கு 24 சட்டம் (இங்கே சட்டம் என்பது திரையில் ஓடும் ஒவ்வொரு ஃபிரேம்). ஒவ்வொரு படத்தையும் மூன்று சட்டத்துக்கு நிறுத்தினால் விநாடிக்கு 8 படம், பத்து விநாடிக்கு 80. இரண்டு சட்டத்துக்கு என்றால் 120. டெசூகாவின் நிறுவனம் 1963 ஜனவரி 1ஆம் திகதி ‘அஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியபோது, கிழமைக்கு ஒரு பாகம் முடிக்க இப்படிப் படங்களைக் குறைத்தும், வரைந்ததைச் சேமித்துவைத்து மீண்டும் பயன்படுத்தியும்தான் சமாளித்தார்கள். உங்கள் மென்பொருளை 24இலேயே வைத்து, படங்களை மூன்று சட்டத்துக்கு நீட்டுங்கள். மென்பொருளையே 8க்கு மாற்றினால் பின்னணி நகர்வும் திக்கித் திக்கிப் போகும். ஆள் மூன்றிலும் பின்னணி ஒவ்வொரு சட்டத்திலும் நகர வேண்டும்.

வாய்க்கு மூடியது, பாதி, திறந்தது என்று மூன்று படம் போதும். தமிழில் கவனிக்க வேண்டியது ப, ம இரண்டும். அங்கே உதடு கட்டாயம் மூட வேண்டும். ‘அம்மா’ என்றால் திறப்பு, மூடல், திறப்பு. நடு மூடலை ஒரு படம் கூடுதலாக நிறுத்துங்கள், ஒற்று அங்கே இருக்கிறது. மற்ற எழுத்துகளில் பிசகினாலும் கண் மன்னிக்கும், இதில் மன்னிக்காது.

கேள்வி: மகன் உயர்தரம் படிக்கிறான், இரவிரவாக வரைகிறான். அவன் வேலையை எங்கேயாவது அனுப்ப முடியுமா?
– தாய், வெள்ளவத்தை

பதில்: முடியும், அம்மா. ஜப்பான் வெளியுறவு அமைச்சு 2007இலிருந்து ‘சர்வதேச மங்கா விருது’ நடத்துகிறது, ஜப்பானுக்கு வெளியே உள்ளவர்களுக்கானது. 24 பக்கமோ அதற்கு மேலோ உள்ள படைப்பு வேண்டும். அந்த ஆண்டுக்குரிய விதிகளையும் முடிவுத் திகதியையும் கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருநூறு பக்கக் காவியத்தைத் தொடங்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 24 பக்க ஏ5 புத்தகம் வரும். முதலில் அதில் பென்சிலால் கிறுக்கலாக முழுக்கதையையும் வரைந்து பார்க்கட்டும். ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிச் சட்டத்தில் கேள்வி எழ வேண்டும், தாளைப் புரட்டியதும் இரட்டைப்படைப் பக்கத்தில் பதில் வர வேண்டும். இரண்டு பக்கம் விரிந்த பெரிய காட்சி இருந்தால் அதை 12, 13ஆம் பக்கங்களில் வைக்கட்டும். உள்பக்கங்களில் அந்த இரண்டு மட்டுமே ஒரே தாளில் சேர்ந்து விழுபவை. மற்ற இடங்களில் படத்தின் இரு பாதியும் வெவ்வேறு தாளில் அச்சாகி, மடிக்கும்போது கோடு பொருந்தாமல் போகும்.